உழைக்கும் உடலும் முகத்தில் கட்டிய துண்டும்

நெல் தூற்றும் களத்திலும், உளுந்து அடிக்கும் களத்திலும், மருந்து தெளிக்கும் வயலிலும் உழவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது பழைய வழக்கம். பெண்கள் புடவைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறார்கள். 2020-ல் கொரோனா நோய் பரவிய பின்னர், முகக்கவசம் என்ற பெயரில் தைத்த துணியும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

இவ்வாறு துணி கட்டிக்கொண்டு கடின வேலை செய்வதைப் பற்றிக் கிராமங்களில் இரண்டு விதமான கருத்துகள் நிலவுகின்றன. துணி கட்டினால் பிராணவாயு குறைந்து மயக்கம் வந்துவிடும் என்று அஞ்சுவோர் ஒரு சாரார். துண்டுதான் கட்டியிருக்கிறதே, இனி மருந்து ஒன்றும் செய்யாது என்று துணிந்து நிற்போர் மற்றொரு சாரார். முதல் கருத்தினால் வரும் தீங்கு சிறிது. இரண்டாவது கருத்து உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இரண்டும் ஏன் தவறு என்பதை உழவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

உழைப்பும் மூச்சும்

திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஆக, நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதுமானது. அதே மனிதர் மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டும்போதோ, நிரம்பிய தெளிப்பானை முதுகில் சுமந்து சேற்றில் நடக்கும்போதோ மூச்சு வேகமாவதோடு ஆழமாகவும் ஆகிறது. அப்போது நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. மிகக் கடினமான வேலையானால் அதற்கு மேலும் போகும்.

இதில் உழவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐந்து மடங்கு காற்றை இழுப்பவர் ஐந்து மடங்கு தூசையும் இழுக்கிறார். களத்து ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவரும், முறத்தால் தூற்றுபவரும் ஒரே தூசியில்தான் இருக்கிறார்கள். ஆனால் இருவர் நுரையீரலுக்கும் போகும் அளவு ஒன்றல்ல. மேலும், வேலை கடுமையாகும்போது மூக்கு மட்டும் போதாமல் வாயாலும் மூச்சு வாங்கத் தொடங்குகிறோம். மூக்கில் உள்ள ரோமமும் சளியும் தூசை ஓரளவு வடிகட்டும். வாய்க்கு அந்த வேலை தெரியாது. முகத்தை மூடும் தேவை அதிகமாவது உடல் உழைக்கும்போதுதான் என்பதற்கு இதுவே காரணம். துணி தொல்லையாகத் தோன்றுவதும் அப்போதுதான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பிராணவாயு குறைகிறதா?

நாம் இழுக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. வெளியே விடும் காற்றில் அது 16, 17 பங்காகக் குறைந்து, கரியமில வாயு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் சேர்ந்திருக்கிறது. துணியின் உள்ளே இந்தப் பழைய காற்று தங்கி, அதையே திரும்ப இழுத்து உடல் கெட்டுவிடும் என்பதுதான் பலருடைய அச்சம்.

துணி நெசவின் இடைவெளிகள் பத்துக்கணக்கான மைக்ரான் அளவுள்ளவை. தளர்ந்த நெசவில் நூறு மைக்ரானைத் தாண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். பிராணவாயுவின் மூலக்கூறோ ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. ஆட்டுப்பட்டி வேலியின் சந்தில் எறும்பு போவதுபோல இந்த வாயுக்கள் துணிக்குள் போய் வருகின்றன. துணிக்கும் முகத்துக்கும் இடையே சிறிது பழைய காற்று நிற்பது உண்மை. ஆனால் துணியே இல்லாவிட்டாலும், மூக்கிலிருந்து நுரையீரல் வரை உள்ள குழாய்களில் ஏறத்தாழ 150 மில்லி பழைய காற்று எப்போதும் தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே போகத்தான் செய்கிறது. உழைக்கும்போது ஒரு மூச்சே ஒன்றரை, இரண்டு லிட்டர் ஆகிவிடுவதால், அதில் இந்தப் பழைய காற்றின் பங்கு குறைகிறதே தவிரக் கூடுவதில்லை.

இதைப் பல நாடுகளில் ஆட்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 20 பேர் மருத்துவமனையில் பயன்படும் முகக்கவசம் அணிந்து, மணிக்கு 5.6 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தனர். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஒன்பது, பத்து துடிப்புகள் கூடியது. மூச்சின் எண்ணிக்கை ஒன்று, இரண்டு கூடியது. மூடிய கன்னத்தின் வெப்பம் ஏறத்தாழ 1.8 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. கரியமில வாயு சிறிதளவே கூடியது. அது தீங்கு செய்யும் அளவல்ல. கனடாவின் சஸ்காட்செவான் பல்கலைக்கழகத்தில் 2020-ல் ஏழு ஆண்களையும் ஏழு பெண்களையும் துணிக்கவசத்துடனும் அது இல்லாமலும், களைத்து நிற்கும் வரை சைக்கிள் மிதிக்கச் செய்தனர். இரத்தத்திலோ தசையிலோ பிராணவாயுவின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. மிதித்த நேரமும் குறையவில்லை.

எல்லா ஆய்வுகளும் இப்படியே சொல்லிவிடவில்லை. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் செய்யப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், 31 இளைஞர்கள் துணிக்கவசம் கட்டிக்கொண்டு, ஓடும் பட்டையின் மீது இனி முடியாது என்னும் வரை ஓடினர். அவர்கள் ஓடிய நேரம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்ச அளவும் குறைந்தது. மூச்சுத் திணறுவதாகவும், அடைத்துப்போட்டது போல இருப்பதாகவும் அவர்கள் கூறினர். ஏழு நிமிட ஓய்வுக்குப் பிறகு இரு நிலைகளுக்கும் வேறுபாடு இல்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உழவருக்குக் கிடைக்கும் செய்தி எளிது. நடுத்தரமான வேலையில், நோயற்ற உடலுக்கு, காய்ந்த துணியால் ஆபத்து இல்லை. உச்ச அளவில் மூச்சு வாங்கும் வேலையில் துணி ஒரு தடையே. மூட்டை தூக்கி லாரியில் ஏற்றுவது, ஏற்றத்தில் பாரவண்டி தள்ளுவது ஆகியவை அத்தகைய வேலைகள். அவற்றில் தூசி இல்லையென்றால் துணியை இறக்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனமும் கடும் உடற்பயிற்சியின்போது முகக்கவசம் வேண்டாம் என்றே 2020-ல் கூறியது.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பிராணவாயு பார்க்கும் சிறு கருவியை வாங்கிய வீடுகள் பல. அது பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தால் வெளியே எடுத்து, துணி கட்டி ஒரு மணி நேரம் வேலை செய்யும் முன்னும் பின்னும் பார்க்கலாம். நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இரண்டு முறையும் 95-க்கு மேலேயே இருக்கும். பிறர் சொல்லி நம்புவதைவிடத் தன் விரலிலேயே பார்ப்பது மேல்.

பிறகு ஏன் மூச்சு முட்டுகிறது?

"துண்டு கட்டினா மூச்சு முட்டுதுங்க" என்று உழவர் சொல்வது பொய்யல்ல. பிராணவாயு குறையாவிட்டாலும் மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவதற்கு வேறு காரணங்கள் உண்டு.

துணியின் வழியாகக் காற்றை இழுக்க மார்புத் தசைகள் சற்றுக் கூடுதலாக வேலை செய்கின்றன. உள்ளே இருக்கும் காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. முகத்தின் தோல் வெப்பத்தை மிக நுட்பமாக உணரும். கன்னம் இரண்டு டிகிரி சூடானால் உடல் முழுவதும் புழுங்குவதுபோல் தோன்றும். இவை தாங்கக்கூடியவை.

உண்மையான தொல்லை துணி நனைந்த பிறகுதான் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் கடினமாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறும். வியர்வையும் மூச்சின் ஈரமும் சேர்ந்து துணியை நனைத்ததும், நெசவின் இடைவெளிகளில் நீர் அடைத்துக்கொள்கிறது. காற்று போகும் வழி குறைகிறது. மூச்சை இழுக்கும்போது துணி மூக்குத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த துணியில் வராத திணறல் ஈரத் துணியில் வருவது இதனால்தான். ஆகவே துணியை அவிழ்த்து எறிவது தீர்வாகாது, மாற்றுவதே தீர்வு. இடுப்பில் இரண்டு, மூன்று காய்ந்த துணிகளை வைத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் தூசி நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. எரிமலைச் சாம்பல் விழும் நாடுகளின் மக்களுக்காக, அவர்கள் முகத்தில் கட்டும் பலவகைத் துணிகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்டனர். துணியை நனைப்பதால் வடிகட்டும் திறன் கூடவில்லை என்பதே கிடைத்த விடை. நனைப்பதால் கிடைப்பது சிறிது நேரக் குளிர்ச்சி. இழப்பது மூச்சின் எளிமை.

தூசிக்குத் துணி ஓரளவு துணை

நெற்கதிர் அடிக்கும்போது பறக்கும் தூசில் பதரும் மண்ணும் மட்டுமல்ல, உமியின் மேலுள்ள சுணையும் உண்டு. உமியில் மணற்சத்தாகிய சிலிக்கா நிறைந்திருப்பதால் சுணை கூர்மையானது. கண்ணையும் தொண்டையையும் உறுத்துவது அதுவே. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகள் கோடிக்கணக்கில் கிளம்புகின்றன. இவற்றைத் தொடர்ந்து இழுப்பவர்களுக்கு வரும் ஒருவகை நுரையீரல் ஒவ்வாமைக்கு உழவர் நுரையீரல் நோய் என்றே மருத்துவ உலகில் பெயர். வேலை செய்து நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, அதாவது மாலையிலோ இரவிலோ, காய்ச்சலும் வறட்டு இருமலும் மூச்சு இறுக்கமும் வரும். மறுநாள் தணியும். உழவர் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி விட்டுவிடுவார். ஆண்டுக்கணக்கில் இப்படிப் போனால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். அதைப் பின்னர் மாற்ற இயலாது. கோழிப்பண்ணைக் குப்பை அள்ளுபவர்களும், மிளகாய் வற்றல் தரம் பிரிப்பவர்களும் தூசியிலிருந்து இதுபோலவே தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய தூசில் பெரிய துகள்களைத் துணி நன்றாகவே தடுக்கும். 10 மைக்ரானுக்குக் குறைந்த நுண்தூசிதான் நுரையீரலுக்குள் இறங்கக்கூடியது. அதைத் துணி அரைகுறையாகவே தடுக்கும். வியட்நாம் நாட்டு மருத்துவமனைகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், அங்கே பயன்பட்ட துணிக்கவசத்தின் வழியாக நுண்துகள்களில் நூற்றுக்கு 97 பங்கு ஊடுருவிச் சென்றதாகக் கண்டனர். எல்லாத் துணியும் அவ்வளவு மோசம் என்று சொல்ல முடியாது. எனினும் துணியின் மீது வைக்கும் நம்பிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று.

எந்தத் துணி என்பதும் முக்கியம். ஈரிழைத் துண்டு உடல் துவட்ட ஏற்றது, நெசவு தளர்ந்தது, அதனால் தூசிக்கு ஏற்றதல்ல. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும் துணி எதுவும் உதவாது. நெருக்கமாக நெய்த பழைய பருத்தி வேட்டியை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டுவது சிறந்தது. நைலான் புடவைத் தலைப்பு ஈரத்தை உறிஞ்சாது. விரைவில் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டும் முறையில் மூக்கின் இரு பக்கங்களிலும் சந்து விடக்கூடாது. காற்று எளிய வழியையே தேடும். சந்து இருந்தால் தூசியோடு அதன் வழியாகவே நுழைந்துவிடும். மூன்று மடிப்புக்கு மேல் போனால் மூச்சுத் தடை கூடி, ஓரங்களில் கசிவும் கூடுகிறது.

பூஞ்சணம் பிடித்த வைக்கோலுக்கும் கோழிக் குப்பைக்கும் வேட்டித் துணி போதாது. ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர எண் பொறித்த தூசி முகக்கவசமோ, என்-95 கவசமோ வாங்கிக்கொள்ள வேண்டும். என்-95 என்பது 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் நூற்றுக்கு 95 பங்கைத் தடுப்பது. மூச்சு வெளியேறச் சிறு கதவு வைத்த வகை களத்து வேலைக்கு ஏற்றது. உள்ளே புழுக்கம் குறையும். தாடி அடர்ந்திருந்தால் எந்தக் கவசமும் முகத்தில் பொருந்தாது.

மருந்துக்குத் துண்டு துணையாகாது

பயிருக்கு மருந்து என்று பெயர் வைத்ததாலேயே பாதிப் பாதுகாப்பு போய்விட்டது. டப்பாவில் இருப்பது நஞ்சு. அந்த நஞ்சு மூன்று உருவங்களில் தெளிப்பவரிடம் வருகிறது: துளியாக, நுண்மூடுபனியாக, ஆவியாக. கைத்தெளிப்பானின் பெரிய துளிகளைத் துணி தடுத்து நிறுத்தும். விசைத்தெளிப்பானின் நுண்துளிகளை அரைகுறையாகத் தடுக்கும். ஆவியைத் துணி சிறிதும் தடுக்காது. பிராணவாயு எந்தச் சந்தில் நுழைகிறதோ அதே சந்தில் நஞ்சின் ஆவியும் நுழையும். துணி பிராணவாயுவைத் தடுக்கும் என்று அஞ்சுபவரே, அதே துணி மருந்து வாடையைத் தடுக்கும் என்று நம்புவது வியப்புக்குரியது. துண்டு கட்டிய பிறகும் மருந்து மணக்கிறது என்றால், அது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மணம் இல்லாத நஞ்சுகளும் உண்டு. ஆகவே மணக்கவில்லை என்று தைரியம் கொள்ளவும் கூடாது.

துணி தடுத்த துளி எங்கே போகிறது என்று பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அது துணியிலேயே தங்குகிறது. ஒரு டேங்க், இரண்டு டேங்க் என்று தெளிக்கத் தெளிக்க, வியர்வையில் ஏற்கெனவே நனைந்த துண்டில் நஞ்சு ஏறிக்கொண்டே போகிறது. பிறகு அது முகத்துக்கு நஞ்சால் பற்றுப் போட்டது போன்ற நிலைதான். உழைப்பவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்றை அந்த ஈரத் துணியின் வழியாகவே இழுக்கிறார், உதட்டை நக்குகிறார், அந்தத் துண்டாலேயே நெற்றி வியர்வையையும் துடைக்கிறார்.

தெளிப்பவர் உடலில் நஞ்சு ஏறும் முதல் வழி மூச்சு அல்ல, தோல் என்பது பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தும். தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற நஞ்சைக் கொண்டு அமெரிக்காவில் செய்து 1971-ல் வெளியிட்ட சோதனையில், முன்கைத் தோலைப் போல நெற்றித் தோல் நான்கு மடங்கு நஞ்சை உறிஞ்சியது தெரிய வந்தது. தலைத் தோலும் கிட்டத்தட்ட அவ்வளவே. பிறப்புறுப்புத் தோல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு உறிஞ்சியது. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் உறிஞ்சுவது இன்னும் கூடும். முகத்தில் துண்டைக் கட்டி, இடுப்பில் நனைந்த வேட்டியோடு தெளிப்பவர் எதைக் காத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பது இதிலிருந்து விளங்கும்.

மராட்டிய மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் நூற்றுக்கணக்கில் நோயுற்றனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. செடி இடுப்பளவு இருக்கும்போது கீழ்நோக்கித் தெளிக்கும் மருந்து, செடி உயர்ந்தால் தெளிப்பவர் முகத்துக்கு நேரே மேகமாக நிற்கும். 2018 முதல் படைப்புழுவுக்காக மக்காச்சோளத்தில் மருந்து தெளிக்கும் தமிழக உழவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பயிர் முழங்கால் அளவு இருக்கும்போதே குருத்தைப் பார்த்துத் தெளித்துவிட்டால் புழுவும் கட்டுப்படும், முகமும் தப்பும்.

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971-ல் இயற்றப்பட்ட விதிகள், நச்சுத் தூசி, ஆவி ஆகியவற்றைத் தடுக்க மருந்து வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசத்தைத்தான் குறிப்பிடுகின்றன. அதில் துண்டு இல்லை. முகத்தின் கீழ்ப்பாதியை ரப்பர் விளிம்போடு மூடி, பக்கத்தில் ஊக்கமேற்றிய கரி நிரப்பிய வடிகட்டி வைத்த கவசம் அது. கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில காலத்தில் கரி நிறைந்துவிடும். கவசத்துக்குள் மணம் தெரிந்தால் உடனே வடிகட்டியை மாற்ற வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் திறந்த இடத்தில் தொங்கவிட்டால் கரி வீணாகும். மூடிய பையில் வைக்க வேண்டும். என்-95 கவசம் தூளாகத் தூவும் மருந்துக்கு உதவும், ஆவிக்கு உதவாது. டப்பாவில் சிவப்பு முக்கோணமோ மஞ்சள் முக்கோணமோ இருந்தால், வடிகட்டி வைத்த கவசம் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. சிறு உழவர் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கவசம் வாங்கி, ஆளுக்கு ஆள் சோப்பு நீரில் கழுவித் துடைத்துப் பயன்படுத்தலாம். நீலம், பச்சை முக்கோண மருந்துகளுக்கு மாறிக்கொள்வது அதைவிட எளிது. அவற்றுக்கும் டப்பாவின் மீது எழுதியுள்ள பாதுகாப்பு முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

காற்று முகத்தில் அடிக்கும் திசையில் நடந்து தெளிப்பவரை எந்தக் கவசமும் முழுமையாகக் காக்காது. காற்று ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குக் குறுக்கே போகும்படி நடந்து, தெளிக்காத பக்கத்திலேயே கால் வைத்துப் போக வேண்டும்.

கவசம் அணிந்து வேலை செய்யும் முறை

வடிகட்டி வைத்த கவசம் துணியைவிட மூச்சைத் தடுக்கும். அதோடு 16 லிட்டர் தெளிப்பான், முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, கையுறை எல்லாம் சேரும்போது உடலின் வெப்பம் வெளியேற வழியின்றிப் போகிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பதானால் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் ஆகும். அதை ஒரே மூச்சில் ஒருவரே முடித்துவிட எண்ணக்கூடாது. காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்கு மேலும் வேலையைப் பிரித்துக்கொண்டு, இரண்டு டேங்குக்கு ஒருமுறை, காற்று வரும் பக்கத்து நிழலில் கவசத்தை இறக்கி ஓய்வெடுக்க வேண்டும். கையை சோப்பால் கழுவிய பிறகே கவசத்தைத் தொட வேண்டும். தண்ணீரும் அதற்குப் பிறகுதான். களத்து வேலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது முறை. தாகம் எடுக்கும் வரை காத்திருந்தால் உடல் ஏற்கெனவே வறண்டிருக்கும்.

உடல் தாங்குகிறதா என்பதை நாடி பார்த்து அறியலாம். ஓய்வுக்கு உட்கார்ந்தவுடன், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, அரை நிமிடம் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். 110-க்கு மேல் இருந்தால், அடுத்த சுற்று வேலை நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும், ஓய்வைக் குறைக்கக்கூடாது. நாடி பார்க்கத் தெரியாதவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. துணியோ கவசமோ அணிந்த நிலையில், பக்கத்து வரிசையில் இருப்பவரோடு ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேலையின் வேகம் அதிகம்.

ஆஸ்துமா, இருதய நோய், நாட்பட்ட இருமல் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன ஆய்வுகளின் முடிவு பொருந்தாது. அந்த ஆய்வுகள் நோயற்றவர்களை வைத்துச் செய்தவை. இந்நோய் உள்ளவர்கள் மருந்து தெளிக்கும் வேலையை ஏற்கக்கூடாது. கருவுற்ற பெண்களையும் சிறுவர்களையும் அந்த வயலின் பக்கமே விடக்கூடாது.

மயக்கம் வந்தால்

தெளிக்கும்போது தலைவலி, வியர்வை, குமட்டல், தள்ளாட்டம் வந்தால், துண்டு கட்டியதால் மூச்சு முட்டியது என்றோ, வெயில் என்றோ சொல்லி நிழலில் படுக்க வைத்துவிடுகிறார்கள். போக வேண்டிய நேரம் இப்படித்தான் போய்விடுகிறது. வெயில் களைப்புக்கும் நஞ்சுக்கும் இவை பொதுவான குறிகள். ஆனால் வாயில் எச்சில் வழிவது, கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்குவது, பார்வை மங்குவது, தசைகள் துடிப்பது, மார்பு இறுகிச் சளி கொப்பளிப்பது ஆகியவை பாஸ்பரஸ் வகை நஞ்சின் குறிகள். வெயிலால் கண்பாவை சுருங்கிப்போய் எச்சில் வழியாது. எதுவென்று தெரியாவிட்டால் நஞ்சென்றே கொள்ள வேண்டும்.

உடனே வயலை விட்டு வெளியேற்றி, துண்டிலிருந்து தொடங்கி நனைந்த உடை அனைத்தையும் கழற்றி, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டு நிறைய நீரால் கழுவ வேண்டும். கழுவுகிறவர் தன் கையை உறையிட்டுக் காத்துக்கொள்ள வேண்டும். பால் கொடுப்பதும், வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. 108-க்குச் சொல்லி, மருந்து டப்பாவையும் அதன் சீட்டையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த நஞ்சு என்பது தெரிந்தால்தான் மருத்துவர் மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க முடியும்.

தெளித்த நாளில் கட்டிய துண்டையும் உடுத்திய உடையையும் வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊற வைக்கக்கூடாது. தனி வாளியில், கையுறை அணிந்து, சோப்பு நீரில் இருமுறை துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். அந்த நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கால்நடை குடிக்கும் தொட்டியிலோ விடாமல், வீட்டிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத வெற்றுத் தரையில் ஊற்ற வேண்டும். மருந்து அடர்த்தியாகவே கொட்டிய துண்டு எத்தனை முறை துவைத்தாலும் பயன்படாது. அதை மறுபடி முகத்தில் கட்டவோ, பிள்ளைக்குத் தலை துவட்டவோ, அடுப்பில் பாத்திரம் இறக்கவோ கொடுத்துவிடக்கூடாது.